ஆவியை யார் கையில் ஒப்புவிக்கிறாய்?

தியானப் பகுதி: சங்கீதம் 31:5, 2 கொரிந்தியர் 12:1-7

 

இந்த மாதம் படுக்கையறைக்குள் நடக்கிற ஒரு காரியத்தைக் குறித்து உங்களோடு பேச வாஞ்சிக்கிறேன். சபையிலே யாரும் வாய்திறந்து கேட்காத காரியம். ஆனால் நம் வாலிபர்களில் சிலர் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, காதிலே இயர்போனை மாட்டிக்கொண்டு, இதைத்தான் செய்து பார்க்கிறார்கள்.

ஒரு உபவாச ஜெபம் முடிந்தபிறகு ஒரு தம்பி தனியாக வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாஸ்டர் ஐயா, ஒரு மாசமா தூக்கம் இல்ல. சரீரம் தூங்கணும், மனசு மட்டும் முழிச்சிருக்கணும், அப்போ ஆவி வெளியே போகும்னு போன்ல ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். செஞ்சு பார்த்தேன். கை கால் அசைக்க முடியல. சத்தம் போட முடியல. ரூமுக்குள்ள யாரோ நிக்கிறாங்க. எனக்குப் பிசாசு பிடிச்சிருச்சா ஐயா?" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன். பயப்படாதிருங்கள். ஆனால் கவனமாய்க் கேளுங்கள்.

1. இந்தப் போதனை எங்கேயிருந்து வந்தது?

இதை ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரல் புரொஜெக்ஷன்' என்பார்கள். மனுஷனுக்குள்ளே ஒரு சூட்சும சரீரம் இருக்கிறது, தூங்கப்போகும் நேரத்தில் நினைவு தப்பாமல் இருந்தால் அதை வெளியே அனுப்பி ஊர் சுற்றி வரலாம் என்பது போதனை. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நம் ஊர்க் கதைகளிலே கேட்டிருக்கிறோம். அதற்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இது.

மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 1875-ல் நியூயார்க்கில் தொடங்கின பிரம்மஞான சபை, 1882-ல் நம் சென்னை அடையாறுக்கே தலைமையிடத்தைக் கொண்டுவந்தது. அங்கே வந்து சேர்ந்தவர்களில் லெட்பீட்டர் ஒருவர். அவர் யார் தெரியுமா? இங்கிலாந்து சபையில் அபிஷேகம் பண்ணப்பட்ட குருவானவர்! பிரசங்க பீடத்தை விட்டுவிட்டு 1884-ல் கப்பலேறினார். 1895-ல் இந்த சூட்சும உலகத்தைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வேதத்தைக் கையில் வைத்திருந்தவரே இப்படிப் போனார் என்றால், நிற்கிறவன் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்!

1929-ல் மல்டூன், கேரிங்டன் என்ற இருவர் அமெரிக்காவில் இதற்கான செய்முறைகளை எழுதினார்கள். ராபர்ட் மன்றோ என்ற வானொலித் தொழிலதிபர், 1958 முதல் தனக்கு இப்படி நடந்ததாக 1971-ல் புத்தகம் வெளியிட்டார். பின்பு வர்ஜீனியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் வைத்து, காதுக்குள் ஒலிகளைக் கேட்கப்பண்ணி, 'மனம் விழிக்க, உடல் தூங்க' என்ற நிலையைப் பயிற்றுவித்தார். இன்றைக்கு நம் பிள்ளைகளின் போனில் வருவதெல்லாம் இந்தப் பழைய சரக்கின் புது உறைதான்.

2. சரீரத்தில் நடப்பது என்ன?

கர்த்தர் நம்மை எவ்வளவு ஞானமாய் உண்டாக்கியிருக்கிறார் பாருங்கள்! 1953-ல் சிகாகோவிலே இரண்டு விஞ்ஞானிகள் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். தூக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைக்குள்ளே கண்கள் வேகமாய் அசைகின்றன. சொப்பனங்கள் அதிகமாய் வருவது அப்பொழுதுதான். அந்த நேரத்தில் கை கால் தசைகளெல்லாம் கட்டிப்போட்டதுபோல் தளர்ந்துவிடுகின்றன என்பது பின்பு தெரியவந்தது. ஏன்? சொப்பனத்தில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடி சுவரில் மோதிக்கொள்ளக் கூடாதே! அதற்காகக் கர்த்தர் போட்ட பூட்டு அது.

சில நேரம் சரீரத்தின் பூட்டு திறக்கும் முன்பே மனது விழித்துக்கொள்ளும். அப்பொழுது அசைய முடியாது. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்ததுபோல் பாரம், அறையிலே ஒரு ஆள் நிற்பதுபோல் உணர்வு, காதிலே இரைச்சல், உடம்பிலே அதிர்வு, மிதப்பது போன்ற நினைவு எல்லாம் வரும். பாதிச் சொப்பனம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சில விநாடிகள், அல்லது சில நிமிஷங்களில் தானாகவே விலகிவிடும். நம் பாட்டிமார் 'அமுக்குவான் பேய்' என்று சொன்னது இதைத்தான். தூக்கம் கெட்டவர்களுக்கும், நேரம் தவறித் தூங்குகிறவர்களுக்கும், மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் இது அதிகம் வரும். இப்பொழுது அந்தப் போன் போதகர் என்ன செய்யச் சொன்னார்? மல்லாந்து படு, நடுராத்திரியில் எழுந்து மறுபடியும் படு, தூக்கத்தோடு போராடு என்றார். வராமல் இருக்குமா?

2002-ல் ஜெனீவா நகர மருத்துவமனையில் ஒரு காரியம் நடந்தது. வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்கு சிகிச்சைக்காக மூளையின் வலது பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லேசான மின்சாரம் கொடுத்தார்கள். உடனே அந்தப் பெண், "நான் மேலேயிருந்து கட்டிலில் கிடக்கிற என்னையே பார்க்கிறேன்" என்ற கருத்தில் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுபோயிற்று. இதனால் ஆவி ஆத்துமா இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் மிதக்கிற உணர்வு வந்ததினாலேயே ஆவி வெளியே போய்விட்டது என்றும் ஆகிவிடாது. உணர்வு வேறே, சத்தியம் வேறே.

ஆகவே விசுவாசிகளே, ராத்திரியில் அசைய முடியாமல் கிடந்த பிள்ளையைப் பார்த்து "உனக்குப் பிசாசு" என்று உடனே முத்திரை குத்தாதீர்கள். பெலவீனத்தைப் பாவம் ஆக்காதீர்கள். அடிக்கடி வந்தால், அல்லது பகலிலே அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால், ஜெபியுங்கள், டாக்டரையும் பாருங்கள். லூக்காவும் வைத்தியன்தானே!

3. பவுல் போகவில்லையா?

அந்தத் தம்பி புத்திசாலி. "ஐயா, பவுலே மூன்றாம் வானத்துக்குப் போனாரே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து கவனித்துப் பாருங்கள்.

முதலாவது, பவுல் போகவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டான். செய்தவர் தேவன். எசேக்கியேலின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினது தேவ ஆவி (எசேக்கியேல் 8:3). பிலிப்புவைக் கொண்டுபோனதும் கர்த்தருடைய ஆவியானவர் (அப்போஸ்தலர் 8:39). ஒருவராவது மூச்சை எண்ணி, கால்விரலிலிருந்து தலைவரை தளர்த்தி, "இன்றைக்கு எப்படியாவது போய்விட வேண்டும்" என்று படுத்துக்கிடக்கவில்லை.

இரண்டாவது, சரீரத்திலிருந்தானா, சரீரத்துக்குப் புறம்பேயிருந்தானா, தனக்குத் தெரியாது, தேவனுக்கே தெரியும் என்று பவுல் இரண்டுதரம் எழுதுகிறான். அத்தனை வெளிப்பாடு பெற்ற அப்போஸ்தலனே தெரியாது என்கிறான். இன்றைக்குப் பத்து நிமிஷ வீடியோ போடுகிறவர் எல்லாம் தெரியும் என்கிறார்! யாரை நம்புவீர்கள்?

மூன்றாவது, பவுல் பதினாலு வருஷம் அதைப் பேசாமல் இருந்தான். அங்கே கேட்டதை மனுஷர் பேசக்கூடாது என்றான். வகுப்பு நடத்தவில்லை, கட்டணம் வாங்கவில்லை. பெருமை வராதபடிக்கு ஒரு முள்ளையும் பெற்றுக்கொண்டான்.

நான்காவது, தேவன் காட்டுகிற தரிசனத்திலே அடுத்தவனுக்கு ஆசீர்வாதம் இருக்கும். பேதுரு மேல்வீட்டிலே ஞானதிருஷ்டியடைந்தான். முடிவிலே கொர்நேலியுவின் வீடு முழுவதும் இரட்சிக்கப்பட்டது (அப்போஸ்தலர் 10). படுக்கையிலே கூரை வரைக்கும் மிதந்து வந்தவனால் யார் இரட்சிக்கப்பட்டார்கள்?

4. அறுபடும் வெள்ளிக்கயிறு

இன்னொரு தந்திரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். "உங்கள் வேதத்திலேயே இருக்கிறது" என்று பிரசங்கி 12:6-ஐக் காட்டுவார்கள். அங்கே வெள்ளிக்கயிறு என்று வருகிறதல்லவா? வெளியே போகிற ஆவியை உடம்போடு கட்டியிருக்கிற கயிறு அதுதான் என்பார்கள்.

ஒரு வசனத்தைத் தனியாகப் பிடுங்கினால் எதையும் போதிக்கலாம். அதிகாரம் முழுவதும் வாசியுங்கள். முதுமை வருகிறது, கண் மங்குகிறது, பல் விழுகிறது, குருவிச் சத்தத்துக்கே தூக்கம் கலைகிறது, கயிறு அறுகிறது, கிண்ணி உடைகிறது, குடம் நொறுங்குகிறது. ஏழாம் வசனத்தில் மண் மண்ணுக்குத் திரும்புகிறது, ஆவி தந்தவரிடத்தில் போகிறது. இது மரணத்தின் படம்! அந்தக் கயிறு அறுகிற நேரம் கர்த்தர் கையில் இருக்கிறது. வாலிப நாட்களிலே சிருஷ்டிகரை நினை என்று தொடங்குகிற அதிகாரத்தை, வாலிபரை வழிவிலக்க எடுத்துக்கொண்டார்கள்.

5. மரித்தவர்களைப் பார்க்கலாமா?

இந்தக் காரியத்தில் என் இருதயத்தை உடைத்தது வாலிபர்கள் அல்ல, கணவனை இழந்த ஒரு சகோதரி. "ஐயா, வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தரம் அவர் முகத்தைப் பார்த்துட்டு வந்துடறேன். அது தப்பா?" என்று கேட்டார்கள். அந்தக் கண்ணீருக்கு முன்னால் யாரும் கடிந்துகொள்ள முடியாது.

"அம்மா, ஆசை தப்பில்லை. ஆனால் வழி தப்பு" என்றேன். மரித்தவர்களிடத்தில் விசாரிக்கிறதை உபாகமம் 18-ல் கர்த்தர் ஏன் விலக்கினார்? நம் துக்கம் அவருக்குப் புரியாததினாலா? இல்லை. துக்கத்திலே கதவைத் திறந்து வைக்கிறவன், உள்ளே வருகிறது யார் என்று சோதித்துப் பார்க்கமாட்டான். சாத்தான் ஒளியின் தூதன் வேஷம் போடுகிறவன் என்று 2 கொரிந்தியர் 11:14 எச்சரிக்கிறது. பிரியமான முகத்தின் வேஷம் போடமாட்டானா? சொப்பனத்தில் தானாக வந்த முகத்தைப்பற்றிப் பயப்பட வேண்டாம். அது நினைவின் அன்பு. தேடிப்போவதுதான் விலக்கப்பட்டது.

தாவீதைப் பாருங்கள். குழந்தை செத்துப்போயிற்று. எழுந்து, தேவனுடைய ஆலயத்துக்குப் போனான்; அது திரும்பி வராது, நான்தான் அதனிடத்துக்குப் போவேன் என்று சொன்னான் (2 சாமுவேல் 12). கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்களைத் தேவன் இயேசுவோடேகூடக் கொண்டுவருவார் என்று 1 தெசலோனிக்கேயர் 4:14 உறுதி கொடுக்கிறது. அன்றைக்கு நிழலை அல்ல, மகிமையின் சரீரத்தையே பார்ப்போம். உயிர்த்த இயேசு கையையும் காலையும் காட்டி, சீஷர்களுக்கு முன்பாக மீன் சாப்பிட்டாரே! நம் நம்பிக்கை சரீரத்தைவிட்டு ஓடிப்போவது அல்ல, சரீரம் மீட்கப்படுவது. கர்த்தர் தங்குகிற ஆலயத்தைச் சிறைச்சாலை என்று எண்ணாதிருங்கள்.

6. படுக்கைக்குப் போகும்போது

தேவபிள்ளையே, தூக்கம் என்பது என்ன? ஒவ்வொரு ராத்திரியும் கைப்பிடியை விட்டுவிடுவது. "இனி நான் காவல் இல்லை, கர்த்தர் காவல்" என்பது. நினைவை விடமாட்டேன், நானே விழித்திருப்பேன் என்று பிடிவாதம் பண்ணுவது, தூங்காத தேவனின் வேலையை நாம் எடுத்துக்கொள்வதல்லவா? சங்கீதம் 121-ல் உறங்காமல் இருக்கிறவர் ஒருவர்தான்.

ஆதாம் அயர்ந்து தூங்கும்போது கர்த்தர் ஏவாளை உருவாக்கினார். ஆதாம் முழித்திருந்து உதவி பண்ணவில்லை! பேதுரு மறுநாள் மரணம் என்று தெரிந்தும் இரண்டு சேவகருக்கு நடுவே தூங்கினான். தூதன் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. நம் ஆண்டவர் புயலிலே தலையணை வைத்துத் தூங்கினார். அவர்தான் சிலுவையிலே, 31-ஆம் சங்கீதத்தின் ஜெபத்தை எடுத்து, தமது ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்தார். அவர் ஆவியை வெளியே அனுப்பிப் பார்க்கவில்லை. நம்பி ஒப்புவித்தார்!

ஆகவே இன்றைக்கே சில தீர்மானங்கள் எடுங்கள். எபேசுவிலே மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள். நீ அந்த வீடியோக்களையும் ஒலிகளையும் போனிலிருந்து அழித்துவிடு. போனைப் படுக்கைக்கு வெளியே வை. ஒரே நேரத்தில் படு, பக்கவாட்டில் படு. ஒரு சங்கீதத்தை மெதுவாய் தியானம் பண்ணு. பாதியிலே தூங்கிப்போனால் கவலைப்படாதே, மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். நடுவிலே அசைய முடியாமல் போனால் போராடாதே. உள்ளத்திலே "இயேசுவே" என்று சொல், ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார். அது கடந்துபோகும். பெற்றோரே, பிள்ளை இதைச் சொல்லும்போது கத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கைவைத்து ஜெபியுங்கள்.

ஜெபிப்போமா? அன்பின் பிதாவே, எங்கள் படுக்கைகளை உமக்கு ஒப்புக்கொடுக்கிறோம். மறைவானவைகளைத் தேடி அலைந்த பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவாரும். துக்கத்தால் தூக்கம் இழந்தவர்களை அணைத்துக்கொள்ளும். இந்த ராத்திரி இளைப்பாறுதலுள்ள நித்திரையைத் தாரும். காலையிலே உம்மைத் துதிக்க எழுப்பும். கடைசி நித்திரையிலும் உம்முடைய கரமே எங்களைப் பிடித்திருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென். அல்லேலூயா!