லாட்டரிச் சீட்டும் பழனி ஆண்டவரும்

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!



கேரளாவில் ஓணம் பம்பர் விற்க ஆரம்பிச்சாப் போதும், எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி லாட்டரியைப் பத்தித்தான் இருக்கும். "அண்ணா, சீட்டை முருகன் படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டா விழுமா?" "கூட்டினா ஆறு வர்ற நம்பரா எடுக்கலாமா, ஆறுமுகனுக்கு உகந்ததாச்சே?" "கோயம்புத்தூர்ல இருந்து வாளையார் பக்கம்தானே, ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்து பழனியில வச்சு வேண்டிக்கலாமா?" இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லலாம். ஆனா இடையில ஒரு தம்பி, "கடன் கழுத்தை நெரிக்குது அண்ணா, இதை விட்டா எனக்கு வேற வழி தெரியல"ன்னு எழுதுவார். அதைச் சிரிச்சுக் கடக்க முடியாது. அந்த மாதிரி தம்பிகளுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்.

2023 ஓணம் பம்பரை எடுத்துக்கோங்க. சீட்டு 500 ரூபாய். முதல் பரிசு 25 கோடி. வித்த சீட்டு 75 லட்சத்துக்கும் மேல். அந்தப் பரிசு நம்ம திருப்பூர் பக்கத்து நண்பர்கள் நாலு பேருக்கு விழுந்துச்சு. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் "நமக்கும் விழும்"னு பல பேருக்கு ஆசை வந்துச்சு.

75 லட்சம்னா எவ்வளவுன்னு நம்ம பாஷையில சொல்றேன். பழனி மலையில சாமி தரிசனத்துக்கு வரிசை நிக்குது. ஒரு நொடிக்கு ஒருத்தர்னு விடறாங்க. இரவு பகல் நடை சாத்தவே இல்லை. அப்படிப் போனாலும் 75 லட்சம் பேரும் தரிசனம் முடிக்க 86 நாளுக்கு மேல ஆகும். அந்த 86 நாள் வரிசையில ஒரே ஒரு ஆளுக்கு முதல் பரிசு. அந்த ஆள் நான்தான்னு நம்பித்தான் 500 ரூபாயை நீட்டறோம்.

25 கோடியை 75 லட்சம் சீட்டுக்குப் பிரிச்சா, ஒரு சீட்டுக்கு 33 ரூபாய் சொச்சம் வருது. மத்த சின்னப் பரிசுகளையும் சேர்த்தாலும் நீங்க கொடுத்த 500ஐ எட்டவே எட்டாது. விழுந்தவருக்கும் 25 கோடி முழுசாக் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில வருமான வரி 30 சதவீதம்னு பிடிச்சாலே 15 கோடியே 75 லட்சம்தான் மிச்சம். ஆறு வர்ற நம்பருக்கும் மத்த நம்பருக்கும் வாய்ப்பு ஒண்ணுதான். குலுக்கற மெஷினுக்கு ஆறுமுகன் தெரியாது.

பணம் வந்தா எல்லாம் சரியாயிடுமா? 2022ல இதே 25 கோடி ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு விழுந்துச்சு. சில நாள்லயே, பணம் கேட்டு வர்ற கூட்டத்தால சொந்த வீட்ல இருக்க முடியலைன்னு அவர் வேதனைப்பட்டுப் பேசினார். செய்திகள்ல எல்லாரும் பார்த்தோம்.

ஆக, காசுக்கு அது தகுமான்னு கேட்டா, தகாது. இனி பக்திக் கணக்குக்கு வருவோம். எனக்கு அதுதான் பெரிசு.

பரிசுப் பணம் எங்கிருந்து வருது? வானத்துல இருந்து கொட்டறதில்லை. தோத்த அத்தனை பேரோட 500 ரூபாய்தான் அது. அதுல தினக்கூலிக்காரர் உண்டு, வீட்டு வேலை செய்யற அம்மா உண்டு, மருந்துக்கு வச்சிருந்த காசை எடுத்துட்டு வந்த பெரியவர் உண்டு. "முருகா, எனக்கு விழணும்"னு வேண்டினா, "இவங்க யாருக்கும் விழக் கூடாது"ன்னும் சேர்த்தே வேண்டறோம். அதுல எத்தனை பேர் நம்மளை மாதிரியே வேலவனைக் கும்பிட்டுட்டுச் சீட்டு எடுத்திருப்பாங்க! எல்லாரும் அவன் பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்காக மத்த பிள்ளைங்க பாக்கெட்ல கை விடச் சொல்லி அப்பன்கிட்டயே கேக்கலாமா?

இன்னொண்ணும் நடக்கும். விழலைன்னா கோபம் அவன் மேல திரும்பும். "இத்தனை வருஷம் சஷ்டி விரதம் இருந்தேனே, ஒரு சீட்டு விழ வைக்கக் கூடாதா?" இப்படிக் கேட்டவங்களை நான் பார்த்திருக்கேன். 500 ரூபாய் போனா அடுத்த மாசம் சம்பாதிச்சுக்கலாம். அதோட சேர்ந்து நம்பிக்கையும் போச்சுன்னா அது பெரிய நஷ்டம்.

இப்போ பழனிக்கு வாங்க.

அந்த மலையில அவன் ஏன் நிக்கிறான்? எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நாரதர் ஒரு ஞானப்பழம் கொண்டு வந்தார். ஒரே பழம். வெட்டக் கூடாது, பங்கு போடக் கூடாது, ஒருத்தருக்குத்தான். உலகத்தை முதல்ல சுத்தி வர்றவருக்குப் பழம்னு போட்டி. நம்ம குமரன் மயில் ஏறி உலகம் பூரா சுத்தினான். வந்து பார்த்தா, பழம் அண்ணன் கையில.

யோசிச்சுப் பாருங்க. பழனியில நாம கும்பிடறது பரிசு கிடைக்காம வந்த சாமியை! எனக்கு விழலையேங்கிற வலி அவனுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும். ஆனா அவன் இன்னொரு ரவுண்டு போட்டி வைங்கன்னு கேக்கலை. எல்லாத்தையும் விட்டுட்டு, கோவணமும் தண்டமுமா மலை மேல வந்து நின்னுட்டான். பழம் கிடைக்காதவனைப் பார்த்து 'பழம் நீ'ன்னு சொன்னாங்க. அதுவே ஊருக்குப் பேரும் ஆச்சு. அந்த ஆண்டியோட கால்ல போய் நாம பம்பர் சீட்டை வைக்கறோம்!

"அண்ணா, லாட்டரிக் காசு ஏழைகளுக்குத்தானே போகுது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கேரளாவில் காருண்யா லாட்டரி வருமானத்துல ஏழை நோயாளிகளுக்கு உதவறாங்க. சீட்டு விக்கறவங்கள்ல மாற்றுத்திறனாளிகளும் வயசானவங்களும் உண்டு. அவங்களை நான் ஒரு வார்த்தை குறைச்சுச் சொல்லமாட்டேன். நம்ம தமிழ்நாட்டிலும் 1968ல அண்ணா காலத்துல அரசு லாட்டரி வந்தப்போ, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ன்னுதான் சொன்னாங்க. ஆனா நாளாக ஆக, கூலிப் பணம் வீட்டுக்கு வராம சீட்டுக் கடைக்கே போச்சு. 2003ல தடை போட்டாங்க. தடைக்கு அப்புறமும் மூணு நம்பர் லாட்டரி திருட்டுத்தனமா ஓடுது. 2019 டிசம்பர்ல விழுப்புரத்துல அதுல சிக்கி ஒரு நகைத் தொழிலாளி குடும்பமே இல்லாமப் போனதை மறக்க முடியுமா?

தானம் செய்யறதுதான் எண்ணம்னா நேராவே செய்யலாமே. கந்தர் அலங்காரத்துல அருணகிரிநாதர், வேலவனை வாழ்த்தி, நொய் அரிசியில பாதி அளவாவது ஏழைக்குக் கொடுன்னு சொல்றார். அதுக்குச் சீட்டு தேவையில்லை. கோயில் அன்னதான உண்டியல் போதும்.

சரி, கடன்ல இருக்கற தம்பி, உங்களுக்குத் தனியா நாலு வார்த்தை.

அருணகிரிநாதர் கதையை நினைச்சுக்கோங்க. சொத்தெல்லாம் அழிச்சு, உடம்பும் கெட்டு, திருவண்ணாமலைக் கோபுரத்துல ஏறிக் குதிச்சவர்னு சொல்வாங்க. முருகன் கையில தாங்கினான். தாங்கிட்டு, போன சொத்தைத் திருப்பிக் கொடுத்தானா? இல்லை. செய்ய ஒரு வேலையைக் கொடுத்தான். 'பாடு'ன்னான். மிச்ச வாழ்க்கை அதுலதான் எழுந்து நின்னுச்சு.

நீங்களும் அப்படியே எழுந்திருங்க. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டின்னு ஒரு நோட்டுல எழுதுங்க. வட்டி கூடுதலா இருக்கறதை முதல்ல அடைக்கப் பாருங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. மறைச்சு வச்ச கடன்தான் ஆளைத் தின்னும். தினம் 50 ரூபாய்க்குச் சீட்டு எடுத்தா மாசம் 1,500 போகுது. அதையே கடன்ல கட்டுங்க. கடன் முடிஞ்சதும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில போட்டா அஞ்சு வருஷத்துல வட்டியோட ஒரு லட்சத்தைத் தாண்டும். மனசு ரொம்ப இருட்டினா, எந்த நேரமா இருந்தாலும் 104க்குக் கூப்பிட்டுப் பேசுங்க. கூப்பிடறதுல வெக்கம் ஒண்ணும் இல்லை.

முருகன்கிட்ட கேக்கவே கூடாதான்னா, தாராளமாக் கேளுங்க. வேலை கேளுங்க, தெம்பு கேளுங்க, கடன் அடைக்கற வரைக்கும் பொறுமை கேளுங்க. அடுத்தவன் தோக்காமலே கிடைக்கற எதையும் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. கயிலையில ஒரு பழம். வெட்டக் கூடாது, ஒருத்தருக்குத்தான்னு சொன்னாங்க. பழனியில நமக்கு என்ன பிரசாதம்? பஞ்சாமிர்தம். மலைவாழைப் பழத்தை நல்லாப் பிசைஞ்சு, சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் கலந்துடறாங்க. எது யார் பழம்னு இனி யாரும் பிரிக்க முடியாது. வரிசையில நிக்கற எல்லார் கையிலயும் ஒவ்வொரு கரண்டி. பழம் கிடைக்காம வந்தவன், வர்ற அத்தனை பேருக்கும் பழம் கொடுத்துக்கிட்டு நிக்கிறான். அந்த வரிசையில நின்னு வெறுங்கையோட திரும்பினவங்க யாரும் இல்லை.

அடுத்த தடவை 500 ரூபாய் கையில இருந்தா, பழனிக்கு பஸ் ஏறுங்க.

ஓம் சரவணபவ.
கந்தனுக்கு அரோகரா! முருகனுக்கு அரோகரா!