கல்லைப் பார்த்த சீடர், கைம்பெண்ணைப் பார்த்த ஆண்டவர்



ஆவணி மாதம் நெருங்கும்போது எமது பங்குமனைக்குச் சிலர் வருவதுண்டு. "சுவாமி, ஜேர்மனியில் மகளிடம் போகிறேன். கெவலாருக்கும் கூட்டிக்கொண்டு போவாளாம். ஆசீர்வதித்து விடுங்கோ" என்பார்கள். ஆசீர்வதித்து அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் கைத்தொலைபேசியை நீட்டுகிறார்கள். கொலோன் பேராலயம், அதற்கருகே பழைய சந்தைச் சதுக்கம், கல் பதித்த தெருவில் ஐஸ்கிறீமோடு பேரப்பிள்ளைகள். படம் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பேராலயத்தின் முன் நானும் ஒருமுறை கழுத்து நோக அண்ணாந்து நின்றவன்தான். 1248இல் தொடங்கிய வேலை, இடையில் நூற்றாண்டுக் கணக்கில் நின்றுபோய், 1880இல்தான் முடிந்தது. கோபுரங்களின் உயரம் 157 மீற்றர். அரைகுறைச் சுவரோடு கூரைத் தகட்டுக்குக் காத்திருக்கும் எங்கள் வன்னிச் சிற்றாலயங்களை நினைத்தபோது, ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது!

மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில் இப்படித்தான் ஒரு சீடர் நிற்கிறார். கலிலேயாக் கிராமத்திலிருந்து யெருசலேம் நகருக்கு வந்த மனிதர். எவ்வளவு பெரிய கற்கள், எப்படிப்பட்ட கட்டடங்கள் என்று ஆண்டவருக்கே காட்டுகிறார். ஆண்டவரோ, கல்லின்மேல் கல் இராமல் எல்லாம் இடிபடும் என்கிறார். கி.பி. 70இல் உரோமைப் படை அதைச் செய்து முடித்தது. ஆனால் அதற்கு முந்திய பக்கத்தை நாம் சேர்த்து வாசிப்பதில்லை. அங்கே ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, இரண்டு செப்புக் காசு போட்ட ஓர் ஏழைக் கைம்பெண்ணைச் சீடர்களுக்குச் சுட்டிக் காட்டுகிறார். அதே கோயில், அதே நாள். காட்டப்பட்டவளை மறந்துவிட்டு, சீடர் கல்லைப் பார்க்கிறார்.

கெவலாரின் கதையும் காசிலேதான் தொடங்குகிறது. முப்பதாண்டுப் போரிலும் கொள்ளைநோயிலும் நலிந்துபோன ஊர் அது. ஊர் ஊராகப் பொருள் விற்றுத் திரிந்த ஹென்றிக் புஸ்மன் என்ற ஏழை வியாபாரி, 1641இல் நத்தார் காலத்தை ஒட்டி, வழியோரச் சிலுவையடியில் செபித்தபோது, இவ்விடத்தில் எனக்கொரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டான் என்பர். கையில் பணமில்லை. அன்றாட வருவாயிலிருந்து சில்லறையை மிச்சம் பிடித்தான். 1642 ஆனி முதலாம் நாள் அங்கே அன்னையின் படம் வைக்கப்பட்டது. அது உள்ளங்கையளவு கடதாசியில் அச்சான படம். 'கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவு' என்ற பெயரால் இலக்சம்பேர்க்கில் வணங்கப்பட்ட அன்னையின் சாயல். அதை விலைபேசிக் கொண்டுவந்தவர்களும் போர்வீரர்களே. இன்று சதுக்கத்தைச் சுற்றிலும் பேராலயமும் மண்டபங்களும் எழுந்து நிற்கின்றன. ஆனால் 1654இல் எழுந்த சிறிய ஆறுகோண ஆலயத்தின் சாளரத்தில், அந்தக் கடதாசித் துண்டைத் தேடித்தான் ஆண்டுதோறும் எம்மவர் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். இந்துக்களும் வருகிறார்கள், மடுவுக்கு வருவதுபோல.

மடு அன்னையும் போரின் வழியே வந்தவள்தானே. 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தை மக்கள் சுமந்து ஓடிய சுரூபம், 2008இல் மீண்டும் சனத்தைப் போலவே இடம்பெயர்ந்தது.

ஆகையால் வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. 2017 மாசி மாதம் 20ஆம் நாள், கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மாரும் அவர்களில் உண்டு. ஏ9 வீதியால் விமான நிலையத்துக்குப் போகும் வான், எத்தனை முறை அந்தப் பந்தல்களைக் கடந்திருக்கும்? கொலோனின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த கண், இங்கே சாளரத்துக்கு வெளியே திரும்பியதா? நானும் அந்த வீதியில் போய்வருபவன். எனக்குந்தான் இந்தக் கேள்வி.

சென்றமுறை போய்வந்த ஓர் அம்மாவின் தொலைபேசியில் சதுக்கம் இருந்தது, மெழுகுதிரிகள் இருந்தன, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அன்னையின் சாளரம் மட்டும் இல்லை. "ஏன் அம்மா, அதை எடுக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பின்னுக்குச் சனம் நெருக்குது சுவாமி. மகனின்ர பேரைச் சொல்லி முடிக்கத்தான் நேரம் இருந்தது."