தேட வேண்டியவர் யார்?

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் கண் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது அந்நாட்டின் சமூகநல வரலாறு ஈட்டிய பெரும்பேறுகளுள் ஒன்றாகும். முதுமையாலோ நீரிழிவாலோ கண்ணின் இயற்கை வில்லை கலங்கிப் பார்வையை மறைக்கும் நிலையே கண்புரை எனப்படுவது. அவ்வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அச்சிகிச்சை கண்டி தேசிய வைத்தியசாலையிலேயே கிடைத்தும், கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, ரங்கலை, புசல்லாவை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பார்வை மங்கிய முதியோர் பலர், வயது போனால் கண் தெரியாதுதானே என்ற சமாதானத்தோடு தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து வாசலிலேயே காலம் கழிக்கின்றனர். இலவசமாகத் தரப்படும் ஒன்றைத் தேடிக் கண்டடையும் பொறுப்பு பார்வை இழந்தவரைச் சேர்ந்ததா, பார்வை தர வல்லவரைச் சேர்ந்ததா என்னும் அறக்கேள்வி இவ்விடத்தில்தான் எழுகிறது.

கதவைத் திறந்து வைப்பதோடு அரசின் கடமை நிறைவேறிவிடுகிறது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வளர்ந்த மனிதர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்க உரிமையுடையவர் என்பதும், அழைக்கப்படாமல் ஒருவர் வீட்டு வாசலுக்குச் சென்று நோய் பார்ப்பது அவ்வுரிமையில் தலையிடுவதாக முடியலாம் என்பதும் அவ்வாதத்தின் வலுவான பகுதிகள். எனினும் இவ்வாதம், வருவதும் வராதிருப்பதும் ஒருவருடைய விருப்பத்தை மட்டும் சார்ந்தவை என்று கொள்கிறது; இத்தோட்டங்கள் அமைந்த மலையகத்தின் நடைமுறை அவ்வாறு இல்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியப்படும் கணக்கைத் தொழிலாளர் ‘பேர்’ என்பர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப் பேர்’தான் விழும். கண் தெரியாத தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் மகளுக்கு அன்றைய பேர் விழாது. விடியுமுன் புறப்பட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று துண்டு எடுத்து, கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதி வாங்கித் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் இத்தகைய பயணங்கள் பல தேவைப்படுவதால், கட்டணமற்ற சிகிச்சைக்கும் அக்குடும்பம் பல நாட்களின் உழைப்பை விலையாகச் செலுத்துகிறது. வசதி படைத்தவரோ, அரச வைத்தியசாலையில் பணிபுரியும் அதே நிபுணரைப் பணி நேரத்துக்குப் பின் தனியார் மருத்துவமனையில் கட்டணம் செலுத்திச் சந்திக்கலாம். ‘சனல் பண்ணுதல்’ என்று நாடு முழுவதும் வழங்கும் இந்த ஏற்பாடு சட்டப்படி முறையானதே. ஆனால் ஒருவர் பணத்தால் கடக்கும் தூரத்தை இன்னொருவர் கூலியை இழந்து கடக்க வேண்டியிருக்கையில், இருவர் முன்னும் ஒரே கதவு திறந்திருக்கிறது என்று கூறுவது முழு உண்மையாகாது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் இதற்குச் சான்று. இலவச அறுவை சிகிச்சை என்று அறிவித்தும் ஏழைகள் போதிய அளவில் வராததன் காரணங்களை ஆராய்ந்தபோது, பயணச் செலவும், உணவும், துணைக்கு வருவோரின் கூலியிழப்பும், அச்சமும் வெளிப்பட்டன. அதன் பின் ஊர்களில் நடத்தும் கண் பரிசோதனை முகாமிலிருந்து நோயாளரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவளித்துத் திரும்பக் கொண்டுவிடுவதும் சிகிச்சையின் பகுதியாகவே கருதப்பட்டது.

இலங்கைக்கு இதைக் கற்க மதுரை வரை செல்லத் தேவையுமில்லை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பியது தொடங்கி, கருவிழியின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலத்தைப் பல நாடுகளுக்கு வழங்கிவருகிறது. மரணம் நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் அப்படலம் எடுக்கப்பட வேண்டும் என்பதால், செய்தி கிடைத்ததும் சாவீட்டுக்கே ஆட்கள் செல்கின்றனர்; கண்களைக் கொண்டு வந்து தருமாறு துக்கத்திலிருக்கும் குடும்பத்தை எவரும் கேட்பதில்லை. இறந்தவரின் கண்ணுக்காக வீடு தேடிச் செல்லும் ஒழுங்கை ஊர்தோறும் வளர்த்தெடுத்த ஒரு சமூகம், உயிரோடிருப்பவரின் கண்ணுக்காகவும் அவ்வாறு செல்ல இயலாது என்று கூறுவதற்கு நியாயமில்லை.

இவ்வாறு தேடிச் செல்வதற்கு எதிரான கடினமான மறுப்பு வேறொன்று. தேடிக் கண்டவர் அனைவரையும் அழைத்து வந்தால் வரிசை நீளும். சத்திரசிகிச்சைக் கூடங்களும் வில்லைகளும் போதாமற் போகும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை எண்ணினால், இது வெறுங்கற்பனை அல்ல என்பது விளங்கும். ஆயினும், வராதவர்களைக் கணக்கில் எடுக்காததால் குறுகியிருக்கும் வரிசையை நேர்மையான வரிசை என்று கொள்ள முடியாது. மேலும், எல்லாக் கண்நோயும் காத்திருக்கக் கூடியதன்று. கண்புரையால் மறைந்த பார்வையைப் பெரும்பாலும் பிறகும் மீட்கலாம். பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழியும் கண்ணழுத்த நோயாகிய குளுக்கோமாவில் இழந்தது இழந்ததே. அந்நோயின் பொதுவான வகை வலியின்றி வளர்வதால், நோயாளர் தாமே உணர்ந்து வரும்போது பெரும்பகுதி போயிருக்கும். தேடுவது கடமையாகாது என்ற நிலைப்பாடு இந்நோயில் முற்றிலும் தகர்ந்துபோகிறது.

தேடுவோர்க்கும் வரம்பு உண்டு. ஒரு நாள் முகாம் நடத்தி, மூக்குக்கண்ணாடி வழங்கி, படம் பிடித்துக்கொண்டு திரும்பும் தொண்டு, பின்பராமரிப்பை எவரிடமும் ஒப்படைக்காவிட்டால் தீங்காகவும் முடியலாம். 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சிகிச்சை பெற்ற சிலரது பார்வை, பின்னர் இடப்பட்ட சொட்டு மருந்தால் பாதிக்கப்பட்டது. முறையான வைத்தியசாலையிலேயே இது நேருமாயின், இலவசம் என்ற காரணத்தால் தரத்தைத் தளர்த்த எவருக்கும் உரிமையில்லை. சொட்டு மருந்தை நாளொன்றுக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் இடுவது என்பதைத் தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்குத் தமிழில் சொல்லாமல் அனுப்புவதும், அவர் புரிந்துகொள்ளாத படிவத்தில் கைநாட்டு வாங்குவதும் அத்தரக்குறைவின் பகுதிகளே.

இத்தேடலுக்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. குழந்தையின் நிறை பார்க்க லயத்துக்கு வரும் மருத்துவமாது, அதே வீட்டில் இருக்கும் பாட்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடி விரல்களை எண்ணச் சொல்லலாம். எண்ண முடியாதவரின் பெயரைக் கண் பிரிவுக்கு அனுப்பலாம். கிளினிக் நாளில் துணைக்குச் செல்பவருக்கு முழுப் பேர் போடுவதென்பது தோட்ட நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவு அன்று. அந்த ஒரு பேர் யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை அரசும் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூடித் தீர்மானிக்கும் வரை, அது மகளின் கணக்கிலிருந்தே கழிந்துகொண்டிருக்கும்.