தோல் பதனிடுபவர் வீடு

"சேர்க்கை சரியில்ல"ன்னு அம்மா சொன்னால், ராணிப்பேட்டை டேனரியில் வேலை செய்யும் என் நண்பனைத்தான் சொல்கிறார். சர்ச்சுக்கு வராதவன், சட்டையில் தோல் வாடை.

எனக்குப் பேதுரு ஞாபகம் வரும். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்தவர்களோடு நின்று, இயேசுவைத் தெரியாது என்றார். பிறகு யோப்பாவில், யூதர்கள் அசுத்தமாகக் கருதிய தொழில் செய்த சீமோன் என்கிற தோல் பதனிடுபவரின் வீட்டில் தங்கினார். எந்த மனிதரையும் தீட்டென்று தள்ளக் கூடாது என்று அவருக்கு உணர்த்திய தரிசனம் அந்த மாடியில்தான் கிடைத்தது. நெருப்பருகே தன்னை மறைத்தவருக்கு, தோல்காரர் வீட்டில் மறைக்க எதுவுமில்லை.

ஒரு ஞாயிறு சர்ச் வாசலில் நண்பன் கையசைத்தான். "யாருப்பா அது?" என்றார் மூப்பர். "தெரியலைங்க ஐயா" என்றேன்.

அன்று என்னைக் கெடுத்த சேர்க்கை எது?