எடிட்டிங் அறைக்கு வராதவர்

படத்தொகுப்பைத் தவம் என்று சொல்பவர்கள் உண்டு. நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடும் காட்சியை எந்தச் சட்டகத்தில் வெட்டுவது என்று முடிவெடுக்க ஒரு மாலைப்பொழுதையே கொடுக்கிறவர்கள் அப்படிச் சொன்னால் அதில் மிகையில்லை. அந்தக் கலையை நாலு பேருக்குக் கற்பிக்கும்போது தம் வாழ்வுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டதாக ஆசிரியர் உணர்வதும் இயல்புதான். ஆனால் ஈடுபாடு ஒன்றே ஒரு தொழிலை அறமாக்கிவிடுமா? ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டாலைவிட ஈடுபாடு மிக்க படத்தொகுப்பாளரைக் காண்பது அரிது. 1934இல் நியூரம்பெர்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டைப் படம்பிடித்து, ஏறக்குறைய 60 மணி நேரக் காட்சிகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார். 1935இல் வெளிவந்த அந்த ‘ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்’ ஹிட்லரை மீட்பராகவே காட்டியது. ரீஃபென்ஸ்டாலிடம் நம்பிக்கைக்கும் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. பின்னர் ‘டீஃப்லாண்ட்’ என்ற படத்துக்காக, சால்ஸ்பர்க்கின் மாக்ஸ்கிளான் முகாமிலும் பெர்லினின் மார்ட்சான் முகாமிலும் அடைக்கப்பட்டிருந்த சிந்தி, ரோமா மக்களைத் துணை நடிகர்களாகப் பயன்படுத்தினார். அவர்களில் பலர் பிறகு ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 1954இல் படம் திரைக்கு வந்தது. அந்த மக்களில் ஒருவருக்கும் எதுவும் நேரவில்லை என்று 2002இல்கூடச் சொன்ன ரீஃபென்ஸ்டால், எதிர்ப்புக்குப் பிறகே அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றார். அவர்களுடைய முகங்களை வெட்டி ஒட்டிய கை, அந்த முகங்களுக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடவில்லை.

ஆகவே இந்தத் தொழிலின் அர்த்தத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. எடிட்டிங் அறைக்கு இயக்குநர் வருகிறார். தயாரிப்பாளர் தொலைபேசியில் அழைக்கிறார். பார்வையாளர் என்ன நினைப்பார் என்பது எல்லோர் பேச்சிலும் அடிபடுகிறது. படத்தில் இருக்கிறாரே, அவர் மட்டும் வருவதில்லை. அதிகம் இழக்கக்கூடியவரும் அவர்தான். வராத அந்த மனிதருக்குக் கடமைப்பட்டிருப்பதாக உணர்கிறபோதுதான் படத்தொகுப்பு வெறும் திறமை என்ற நிலையைத் தாண்டுகிறது. திரைப்படக் கல்வி தொடங்கிய இடத்திலேயே இந்தக் கேள்வி கிடக்கிறது. மாஸ்கோவில் இயக்குநர் லெவ் குலெஷோவ் நடத்திய புகழ்பெற்ற பரிசோதனை எல்லா வகுப்புகளிலும் சொல்லித்தரப்படுவது: இவான் மொஸ்ஜுகின் என்ற நடிகரின் அசையாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்து வைத்தால் பசி, சவப்பெட்டிக்கு அடுத்து வைத்தால் துக்கம். முகம் மாறவில்லை, பக்கத்து ஷாட்தான் மாறியது. நூறாண்டாக இதைப் படத்தொகுப்பின் வலிமைக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம். ஒருவர் உணராத உணர்ச்சியை அவர் முகத்தில் ஏற்ற முடியும் என்றால், அதற்கு அவரிடம் யார் அனுமதி கேட்டது என்பதையும் அதே வகுப்பில் கேட்டிருக்க வேண்டும். நடிகருக்கு அது தொழில், பொருட்படுத்தமாட்டார். ஆவணப்படத்தில் பேசும் மீனவப் பெண்ணுக்கு அது அவருடைய வாழ்க்கை.

எல்லாத் தொகுப்பும் தேர்வுதானே, 60 மணி நேரத்தை 2 மணி நேரமாக்கும்போதே உண்மை போய்விட்டதே, பிறகு கடமை எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தமான கேள்விதான். சுருக்குவதும் திரிப்பதும் ஒன்றல்ல என்பதை 2007இல் பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டியது. அரசி இரண்டாம் எலிசபெத்தைப் பற்றிய தொடருக்கு பிபிசி காட்டிய முன்னோட்டத்தில், புகைப்படக் கலைஞர் ஆன்னி லீபோவிட்ஸ் கிரீடத்தைக் கழற்றலாமா என்று கேட்கிறார். அடுத்த ஷாட்டில் அரசி கோபமாக நடக்கிறார். வெளிநடப்பு என்று செய்தி பரவியது. உண்மையில் அவர் நடந்தது புகைப்படம் எடுக்கும் அறையை நோக்கி, அந்தக் கேள்விக்கு முன்னால். ஒவ்வொரு ஷாட்டும் அசல். வரிசை மட்டும் பொய். பிபிசி மன்னிப்புக் கேட்டது. பிபிசி ஒன் அலைவரிசையின் பொறுப்பாளர் பீட்டர் ஃபின்ச்சம் பதவி விலகினார். அரசிக்காகப் பேச ஓர் அரண்மனை இருந்ததால் சில நாட்களில் திருத்தம் வந்தது. பேச ஆளில்லாதவருக்கு எடிட்டரின் மனசாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை.

கூலிக்கு வேலை செய்பவர் என்ன செய்ய முடியும் என்பது இன்னும் கடினமான மறுப்பு. யூடியூப் சேனலுக்கு ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று வாங்கி வெட்டிக் கொடுக்கும் இளைஞரிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பழியின் பெரும்பங்கு உத்தரவு போடுபவருடையது. ஆனாலும் அதே பிரிட்டன் நிகழ்ச்சியில் கவனிக்க ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்களுக்குத் தொடரைக் காட்டுவதற்காக வெட்டப்பட்ட துண்டு அது. கைமாறிப் போனபோது வரிசை மாற்றப்பட்ட செய்தி கூடப் போகவில்லை. எது முன்னால், எது பின்னால் என்பது வெட்டிய இடத்தில் மட்டுமே தெரிந்தது. வெட்டப்படாத மூலக்காட்சிகள் முழுவதையும் பார்த்தவருக்கு மட்டுமே இருக்கும் இந்த அறிவுதான் அவரைப் பொறுப்பாளி ஆக்குகிறது. வேலையை விட்டு எழுந்து போக எல்லோராலும் முடியாது. ‘சார், இது இந்த வரிசையில் நடக்கவில்லை’ என்று ஒரு முறை சொல்ல அனேகமாக எல்லோராலும் முடியும்.

கற்பிப்பவரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் தம் மத நம்பிக்கையையோ கட்சியையோ மாணவர் மேல் ஏற்றக் கூடாது என்பது சரி. ஆனால் சொல்ல வேண்டியதை உபதேசமாகச் சொல்லாமல் பயிற்சியாகவே வைக்கலாம். அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜான் ரூஷும் எட்கர் மோரினும் 1961இல் வெளியிட்ட ‘க்ரானிக்கிள் ஆஃப் எ சம்மர்’ படத்தில், பாரிஸ்வாசிகள் சிலரைப் பேசவைத்துப் படம்பிடித்து, பிறகு அவர்களையே அழைத்துத் திரையிட்டார்கள். சிலர் பொய்யாக இருக்கிறது என்றார்கள்; சிலருக்கு அளவுக்கு மீறி அந்தரங்கமாகப் பட்டது. அந்த விவாதத்தையும் படத்திலேயே வைத்தார்கள். இப்படிச் செய்தால் ஊழல் செய்தவர் தன் குற்றத்தையே வெட்டச் சொல்வாரே என்று அஞ்ச வேண்டியதில்லை. அவருக்குக் கிடைப்பது பார்க்கும் உரிமை. கத்தரிக்கோல் எடிட்டர் கையிலேயே இருக்கும். வெட்டியதற்கான காரணத்தைப் படத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தால் அந்த வெட்டு நிற்கட்டும். சொல்ல நாக்கு கூசினால் அதை மாற்றத்தான் வேண்டும்.

நம் திரைப்படக் கல்லூரிகளில் மாணவர்களின் படங்களைத் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள், விழாக்குழுக்கள் பார்க்கின்றன. ஆசிரியர்கள் அடுத்த ஆண்டிலிருந்து இன்னொரு வரிசை இருக்கையும் போட வேண்டும். மதிப்பெண் இடுவதற்கு முன்னால், ஆவணப்படத்தில் இருப்பவர்களை அழைத்து அங்கே உட்காரவையுங்கள். மாணவர் அவர்கள் அருகில் உட்கார்ந்து தன் படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கட்டும்.