சூரைச்செடியின் கீழே ஒரு டீச்சர்



இந்த மாதம் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசியுங்கள். கர்மேலில் அக்கினியை இறங்கப்பண்ணின அதே எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்துகிடக்கிறான். இனி தன்னால் முடியாது என்று சாவைக் கேட்கிறான். தூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணினானா? இல்லை. சுட்ட அடையும் ஒரு ஜாடி தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டான், திரும்பப் படுத்துத் தூங்கினான். இரண்டாந்தரமும் சாப்பாடுதான். "இங்கே உனக்கு என்ன வேலை" என்ற கேள்வி ஓரேபில்தான் வந்தது, நாற்பது நாள் நடந்த பிறகு. அல்லேலூயா!

இதை ஏன் எழுதுகிறேன்? நம் சபையில் தனியார் பள்ளிகளில் வேலை செய்கிற சகோதரிகள் பலர் உண்டு. விடியற்காலம் எழும்பி சமையல், ஏழு மணிக்கு ஸ்கூல் வேன், நாள் முழுக்க நாற்பது ஐம்பது பிள்ளைகள். ராத்திரி மடியில் கைப்பிள்ளை, கையில் திருத்துகிற நோட்டு. பத்து மணிக்கு மேலேயும் பெற்றோருடைய வாட்ஸ்அப். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாஸ்டர், ஊரான் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித் தர்றேன். என் பிள்ளைகிட்ட பேச எனக்குக் குரல் இல்லை. வேலையை விட்டுட்டா ஆண்டவர் கொடுத்த ஊழியத்தை விட்ட மாதிரி ஆகுமா?"

"விசுவாசம் போதாது, இன்னும் ஜெபிக்கணும்" என்று அவருக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருந்தார்கள். தூதன் சொல்லாததை நாம் ஏன் சொல்லவேண்டும்? ஜெபிக்கவேண்டியதுதான். ஆனால் தூக்கமில்லாத சரீரத்தைப் பார்த்து ஆவி குறைவு என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

ஆதியாகமம் 33-ல் ஏசா சேர்ந்து போகலாம் என்று கூப்பிடுகிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளசு, மந்தையில் பால்கொடுக்கிறவைகள் இருக்கின்றன, ஒரே நாள் ஓட்டி அடித்தாலும் செத்துப்போகும், நான் பிள்ளைகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். சண்டை போடவில்லை, சால்ஜாப்பும் சொல்லவில்லை. சில வருஷங்கள் மெதுவாய் நடப்பது பின்மாற்றம் அல்ல.

நம்ம ஜில்லாக்காரருக்குப் பட்டுப்புழுவை நான் விளக்கவேண்டியதில்லை. தோலுரிக்கும்முன் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அனுபவசாலி அப்போது இலை போடமாட்டார். சுண்ணாம்பைத் தூவி, படுக்கையை உலரவிட்டு, தொடாமல் இருப்பார். நாலு தரம் இப்படி. "சும்மா நிற்குதே" என்று இலையைக் கொட்டினால் வளர்ப்பே கெட்டுப்போகும். (டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் பட்டுப்புழு வளர்க்கலாமே என்று ஒரு சகோதரர் ஆலோசனை சொன்னார். கடைசி வாரம் ராப்பகல் இலை போட்டுப் பார்த்தவர் அதைச் சொல்லமாட்டார்!)

சரி, வேறு என்ன செய்யலாம்? அப்போஸ்தலர் 18-ஐப் பாருங்கள். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார்கள். அதே பிரிஸ்கில்லாள்தான் பின்பு புருஷனோடேகூட அப்பொல்லோவை அழைத்து, தேவனுடைய வழியை இன்னும் திட்டமாய் விளக்கினாள். கையில் இருந்தது ஊசியும் நூலும். வரம் எங்கேயும் போகவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாய் நின்றது நம் தர்மபுரி. போதிக்கிறவர்கள் இங்கே வேண்டும். ஆனால் வரம் வேறே, வேலை பார்க்கிற கட்டடம் வேறே.

ஆகையால் அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதிருங்கள். முதலாவது, கீழ்வகுப்போ, அரைநாள் வேலையோ, நூலகமோ, ஆபீஸோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். விடுவதே தீர்மானமானால் கணக்குப் பார்த்து விடுங்கள். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி 1997 முதலே செல்லும் என்றார்கள், 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற பள்ளியில் ஐந்து வருஷம் முடித்திருக்கவேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய், ஆறு வருஷ சர்வீஸ் என்றால் சுமார் 41,500 ரூபாய் வரும். ஐந்து வருஷத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது கோபத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வரலாமா? பி.எப். கணக்கைப் பாருங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் பள்ளியில் இருந்தால் அதைக் கையில் வாங்குங்கள்.

வீட்டில் இருக்கிற காலத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதி முடிக்கலாம். முன்பு ஏழு வருஷம் என்றிருந்த சான்றிதழ், 2021 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். அது மட்டும் அரசு வேலை தராது, போட்டித் தேர்வும் உண்டு. ஆனாலும் பிள்ளை பள்ளிக்குப் போகிற நாளில் கையில் ஒரு கதவுச் சாவி இருக்கும். டியூஷன் எடுக்கிறவர்கள் எண்ணத்தைக் குறையுங்கள். இருபது பிள்ளைகளைச் சாயங்காலம் சேர்த்தால், சொந்தப் பிள்ளை பழையபடி மூலையில்தான் உட்காரும். நாலைந்து பேர் போதும்.

இனி சகோதரரே, உங்களுக்கு. மனைவியின் சம்பளத்தில் சீட்டும் கட்டி, வண்டி டியூவும் கட்டிவிட்டு, "உன் இஷ்டம்மா" என்று சொல்லுவது ஆலோசனை அல்ல. இந்த வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து செலவை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தச் சம்பளம் இல்லாமல் எது நிற்கும், எது நிற்காது என்று பாருங்கள். சில வீடுகளில் விடவே முடியாது, எனக்குத் தெரியும். அப்படியானால் ராத்திரி பாத்திரத்தையும் பிள்ளையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். யோகெபேத்தைக் கர்த்தர் அற்புதமாய் நடத்தினார், தன் சொந்தப் பிள்ளைக்குப் பால்கொடுக்க அரண்மனையிலிருந்து அவளுக்குச் சம்பளம் வந்தது. அவர் இன்றும் அப்படிச் செய்ய வல்லவர்.

சபைக்கும் ஒரு வார்த்தை. வாரமெல்லாம் வகுப்பெடுத்தவரையே ஞாயிறு பள்ளிக்கும், மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் நிறுத்துகிற வழக்கம் பல சபைகளில் உண்டு. டீச்சர்தானே, பழக்கம்தானே என்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மாருக்கு நம் சபையில் இந்த வருஷம் அந்தப் பொறுப்பு இல்லை. வாலிபர் எடுப்பார்கள்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆசிரியைகளுக்கான விசேஷித்த ஜெபம். சிறுபிள்ளைகளை மூத்த தாய்மார் பின் அறையில் பார்த்துக்கொள்வார்கள். பணிக்கொடை, பி.எப். விஷயமாய்க் கேட்கவேண்டியவர்கள் சம்பளச் சீட்டை எடுத்து வாருங்கள். மதியம் சாப்பாடு உண்டு. அதற்குப் பிறகு மாடியில் பாய் விரித்திருக்கும், தூங்குகிறவர்களை யாரும் எழுப்பவேண்டாம்.