சங்கற்பமும் நிகோடின் சூயிங்கமும்

மருந்தின் துணையோடு புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர் தம் மன உறுதியால் விட்டவர்தானா என்பது அறவியலின் பழைய சிக்கல் ஒன்றின் புதிய வடிவம். அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1971இல் எழுதிய கட்டுரை இதற்கு வழிகாட்டுகிறது. ஒருவருக்குப் புகைக்க ஆசை. அந்த ஆசையே வரக்கூடாது என்றும் அவர் ஆசைப்படுகிறார். அவர் தம்முடையதாக ஏற்பது பின்னதை. மருந்து அந்தப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

சபரிமலைக்கு மாலை போட்டவரிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதுபவரும் 41 நாள் விரதத்தில் சிகரெட்டைத் தொடமாட்டார். உடலின் தவிப்பு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். விரதமோ அதையும் தாண்டி நீள்கிறது. இருந்தும் மாலையைக் கழற்றியதும் பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். உறுதி குலைந்தது என்பார்கள். உண்மையில் விலகியவை முட்டுகள்: கறுப்பு வேட்டி, கழுத்து மணி, விடியற்காலைக் குளியல், பெயரை விட்டுவிட்டு "சாமி" என்று கூப்பிடும் தெரு. சங்கற்பம் எப்போதுமே எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

நிகோடின் சூயிங்கமும் ஒரு முட்டுதான். சற்று மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்தால் நிகோடின் மெல்ல இறங்கும். சிகரெட்டில் அது சில நொடிகளில் மூளையை எட்டிவிடும். ஆனால் ரமலான் நோன்பிருக்கும் முஸ்லிம் பகலில் சூயிங்கம் மெல்ல முடியாது. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்தது. நிகோடின் பட்டைக்கு அது பொருந்துமா என்பதில் மார்க்க அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் நிகோடின் மாற்று சிகிச்சையை 2009இலும், வரெனிக்லின், புப்ரோப்பியான் மாத்திரைகளை 2021இலும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எந்தத் துணையுமின்றி முயல்பவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே. நிகோடின் மாற்று அந்த வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது.

இந்தியாவில் 2 மி.கி. சூயிங்கத்துக்குச் சீட்டு வேண்டாம்; 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். விழித்த அரை மணிக்குள் பற்றவைக்கும் தீவிரப் புகைப்பாளருக்கு ஏற்றது 4 மி.கி.தான், அலையவேண்டியவரும் அவரே. சிகரெட்டுக்கு எந்தச் சீட்டும் கிடையாது. பெட்டிக்கடையில் ஒன்றே ஒன்று வாங்கி, ஓரமாகத் தொங்கும் தணல் கயிற்றிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கான சூயிங்கத்தின் விலை பீடிக்கட்டு விலையைவிட மிக அதிகம். சூயிங்கத்தை வாங்கி மென்று புகையை விட்டவர் ஊரில் உறுதிக்காரர் ஆகிறார். வாங்க முடியாத கூலிக்காரருக்கு வைராக்கியம் போதவில்லை என்று அறிவுரை கிடைக்கிறது.